கோணல் சுவரும் தூக்குக்குண்டும்

ஆட்டுக்கொட்டகையின் மண்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்ததில், சுவரின் நேர் பார்க்கக் கொத்தனார் விட்டத்தில் தொங்கவிட்ட தூக்குக்குண்டுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"மூன்று விரற்கடை கோணல்! நேற்றும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன். உனக்குச் சொரணையே கிடையாதா?"

"நீங்கள் சொல்வது சரிதான் அண்ணாச்சி. நிமிரத்தான் முடியவில்லை," என்றது சுவர்.

மழை வலுத்தது. சுவர் விரிசல் விட, ஆடுகள் மிரண்டு கத்தின. மூலையில் கிடந்த பனங்கட்டை எழுந்து வந்து, சாய்ந்த பக்கம் தோள்கொடுத்து நின்றது.

"பாரத்தை என்மேல் போடு தம்பி."

குண்டு கொதித்தது. "என்ன அநியாயம்! முதலில் அவனை நிமிரச் சொல், அப்புறம் தாங்கு!"

"நிமிர்ந்த சுவருக்கு நான் எதற்கு?" என்றது பனங்கட்டை, மூச்சுவாங்கியபடி.

குண்டு கடுகடுப்போடு மறுபடியும் அளந்தது. கோணல் அப்படியேதான் இருந்தது. சுவர் விழவில்லை.