கோணல் சக்கரம்

கறிக்கடையிலிருந்து வந்த ஜோசஃபினுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. சாப்பாட்டு மேஜை மேல் மறுபடியும் மோட்டார் சைக்கிள் சக்கரம்!

“மூணாவது ஞாயித்துக்கிழமைங்க இது! கம்பியைக் கழட்டுறீங்க, மாட்டுறீங்க. இது வீடா, ஒர்க்‌ஷாப்பா?”

“இன்னும் கொஞ்சம் கோணுது, ஜோசி” என்றார் தியோடர். சக்கரத்தை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தொங்கவிட்டுச் சுற்றிக் காட்டினார். கள் குடித்தவன் போல அது இரண்டு பக்கமும் தள்ளாடியது.

ஜோசஃபின் பல்லைக் கடித்தாள். மகள் மௌரீன் டைபாய்டில் போய்ப் பதினொரு மாதம். கோயில் கொயர் பாட்டுக் குழுவில் முதல் குரலாக இருந்த ஜோசஃபின், அன்றிலிருந்து ஒரு வரிகூடப் பாடவில்லை. ஹார்மோனியத்தின் மேல் போட்ட துணியை எடுக்கவில்லை.

முந்தாநாள் சாமியாரே வீடு தேடி வந்து, “கிறிஸ்துமஸுக்காவது வந்து பாடும்மா. இப்படியே இருந்தா ஊமையாயிடுவ” என்று கெஞ்சினார். மாட்டேன் என்றுவிட்டாள். அப்போதாவது இந்த மனுஷன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னாரா? பின்கட்டில் இதே சக்கரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற மகளைவிடச் சக்கரம் பெரிசாகப் போய்விட்டது!

“போன வாரம் மாதிரி கொஞ்சம் காதைக் கொடேன். எந்தக் கம்பி தளர்ந்திருக்குன்னு எனக்குப் பிடிபடல.”

“தந்தி ஆபீஸ்ல நாள் முழுக்க மெஷினோட ‘கட்டுக்கடா’ சத்தம் கேக்குற உங்க காதுக்கு இது மட்டும் கேக்காதா?”

திட்டிக்கொண்டே கரண்டிக் காம்பால் ஒரு கம்பியைத் தட்டினாள். ‘டிங்’ என்றது. அந்தச் சுருதி நழுவிவிடாமல் இருக்க வாய்க்குள் “ம்…” என்று இழுத்தபடியே அடுத்த கம்பியைத் தட்டினாள்.

“இது எறங்கியிருக்கு. திருகுங்க. இன்னும்… போதும்! கையில என்ன, பொம்மையா வச்சிருக்கீங்க?”

நாற்பது கம்பிகள். முப்பதைத் தாண்டும்போது, அந்த “ம்…” எப்படியோ ஒரு மாதா பாட்டாக மாறியிருந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அதற்கும் சேர்த்து அவர்மேல்தான் கோபம் வந்தது.

வாசலில் வண்டிச் சத்தம். தியோடரோடு வேலை பார்க்கும் ஹெர்பர்ட், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றான்.

“அண்ணி, இது அண்ணனுக்கு. நேத்து என் வண்டி வீலை ஒரு மணி நேரத்துல கட்டிக் கொடுத்துட்டாரு. ஆபீஸ்ல எல்லார் வண்டிக்கும் அவர்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் நூல் பிடிச்ச மாதிரி கட்டுவாரு!”

அவன் போனதும் ஜோசஃபின் பழத்தை ‘டொப்’பென்று மேஜைமேல் வைத்தாள்.

“ஊருக்கெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி. நம்ம வீல் மட்டும் வாரா வாரம் கோணுதா? வேணும்னே தளர்த்தி வைக்கிறீங்களா?”

தியோடர் தலை நிமிரவில்லை. “ஆமா.”

“ஏங்க? என்னைப் பாத்தா கிறுக்கச்சி மாதிரி இருக்கா?”

அவர் விரல்களில் இருந்த எண்ணெயை வேட்டியிலேயே துடைத்தார்.

“சாமியார் கேட்டா மாட்டேங்குற. நான் கேட்டாலும் அதையேதான் சொல்லுவ. இந்தக் கம்பிங்க கேட்டாத்தான், ஜோசி, நீ பாடுற.”