நார்மல் ஆள்

“மூச்சை நல்லா இழுங்கய்யா... இழுத்தீங்களா? அப்படியே பிடிச்சுக்குங்க.”

அவர் பிடித்துக்கொண்டார். விடச் சொல்லும்வரை விடுவதில்லை என்ற வைராக்கியத்தில் கண்கள் பிதுங்கின. வலப்பக்க விலாவுக்குக் கீழே பூசிய பசை ஜில்லென்றிருந்தது. கட்டிலைச் சுற்றி டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நான்கைந்து பேர், தலைமாட்டில் ஸ்கேன் திரை.

“நல்லா இருக்கிற ஒருத்தரோட கல்லீரல் எவ்வளவு நீளம்னு இவரை வச்சுத்தான் இன்னிக்குக் கத்துக்கப் போறீங்க. அளவு கூடுதலா இருந்தா, இவரை அனுப்பிட்டு வேற ஆளைப் பார்க்கணும்,” என்றார் டாக்டரம்மா. “ஐயா, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்லம்மா. ஒரு ஆளுக்காக யாரு அடுப்பைப் பத்த வைக்கிறது?”

பிள்ளைகள் சிரித்தார்கள். தன் பேச்சுக்கு ஒருவர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டார். மனைவி போனபின் வீட்டில் அவரும் நாலு சுவரும்தான். இங்கிருந்து எழுந்து போகச் சொல்லிவிடக் கூடாது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கண்ணாடி போட்ட பெண் முதலில் அளந்தாள். “பதினெட்டு சென்டிமீட்டர், மேடம்.”

அவர் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். “பதினெட்டுன்னா அதிகமாம்மா?”

“பதினைஞ்சு, பதினாறுக்குள்ள இருக்கணுங்கய்யா. குடிப்பீங்களா?” என்றாள் அவள்.

“டீயே யாராச்சும் போட்டுக் குடுத்தாத்தான்.”

டாக்டரம்மா கருவியை வாங்கிக்கொண்டார். “நீ சாய்வா அளந்துட்டே. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலேர்ந்து நேரா கீழே இறங்கணும். ஐயா, இன்னொரு தடவை மூச்சு.”

இழுத்துப் பிடித்தார்.

“பதினாலு. கச்சிதம்! விடுங்கய்யா, விடுங்க. முகமே சிவந்துபோச்சு.”

மற்ற பிள்ளைகளும் வரிசையாக அளந்தார்கள். “வலிக்குதாங்கய்யா?” என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு கதை அளந்தார். கடைசியில் கண்ணாடிப் பெண் பஞ்சால் பசையைத் துடைத்துவிட்டாள்.

“அடுத்த வாரமும் வந்துடுங்க,” என்றார் டாக்டரம்மா. படுத்திருந்தவருக்கே கால் தரையில் பாவவில்லை.

அப்போது கதவைத் திறந்து ஆயா தலையை நீட்டினாள். “டாக்டரம்மா, வகுப்புக்காக ஒருத்தரை வரச் சொல்லியிருந்தீங்களே, அவரு வண்டி பழுதாகி இப்பத்தான் வந்து சேர்ந்தாரு. உள்ளே அனுப்பவா?”

“அப்போ இவர் யாரு?”

“நான் வெளியில எட்டிப் பார்த்து ‘உள்ளே வாங்க’ன்னேன், மேடம். இவர்தான் எழுந்து வந்தார்,” என்றாள் கண்ணாடிப் பெண்.

ஆயா கட்டிலைப் பார்த்தாள். “ஐயோ, இவரா? இவருக்கு நோயும் கிடையாது, சீட்டும் கிடையாதுங்க. தினமும் காலையில வந்து, காத்திருக்கிறவங்க நடுவுல உட்காருவாரு. கடைசி ஆளு போனதும் தானும் வீட்டுக்குப் போவாரு. இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் அவரை ஒருத்தர் கூப்பிட்டிருக்காங்க.”