சுத்தமான குடும்பம்

வாசலில் ஜீப் வந்து நின்றபோது மகள் கண்ணாடி முன்னால் அழுதுகொண்டிருந்தாள். வலது கண்ணில் தாராளமாகக் கொட்டியது. இடது கண்தான் ஒத்துழைக்க மறுத்தது.

நாளை மறுநாள் படப்பிடிப்பு. போர்க்காலத்தில் வளர்ந்து ஆளாகும் ஒரு பெண், குடும்ப மானத்தையும் கரையின் மானத்தையும் ஒருசேரக் காப்பாற்றும் கதை. பதினேழு வயதும் எடுப்பான மூக்கும், அந்த மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த கர்வமும் சேர்ந்து இவளுக்குக் கதாநாயகி வேஷத்தை வாங்கிக் கொடுத்திருந்தன.

ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் அடித்துக்கொள்ளத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. எதற்கு என்று கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே பதிலைத்தான் சொல்லும். அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

படக் கம்பெனி மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "நம்ம கரையோட மானத்தைப் பத்தின படம்மா இது. வீட்டுக்குள்ள அக்கரைக்காரி ஒருத்தியை வெச்சுக்கிட்டு நீ நடிச்சா ஊர் சிரிக்காது? மொதல்ல வீட்டைச் சுத்தம் பண்ணு." அவர் போட்டிருந்த கோட்டு அக்கரையிலிருந்து திருட்டுத்தனமாக வந்த துணி. கோட்டுக்கு மானம் கிடையாது போலிருக்கிறது.

வீட்டிலிருந்த அந்த அழுக்குக்கு மகளின் வயதுதான். ஆற்றங்கரை ஊர் எரிந்த அன்று, புருஷனைப் பறிகொடுத்த அம்மா இடுப்புக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகளோடு இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். ஒன்று பெற்றது, ஒன்று வழியில் கிடைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கிடைத்தவளுக்கு மகள் வைத்த பெயர் 'இரவல்'.

அம்மா நடத்தும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். ரொட்டி வரிசைக்கும், சிப்பாய்கள் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்க்கும் சோதனைச் சாவடிக்கும் போவது எப்போதும் இரவல்தான். மகள் தெருமுனையைத் தாண்டினாலே அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும். பெற்ற பாசம் இப்படித்தான் பிடுங்கும் என்று மகள் உதட்டைச் சுழித்துக்கொள்வாள்.

சினிமா வேஷம்கூட அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கியதுதான். அதே மாதிரி நேற்று அம்மாவுக்குத் தெரியாமல், அக்கரைக்காரர்களைக் கணக்கெடுக்கும் பதிவு அலுவலகத்துக்கும் போய், ஒரு வசனம் பேசிவிட்டு வந்திருந்தாள்.

"எங்கம்மா பெத்தது ஒண்ணே ஒண்ணுதான் சார். இன்னொருத்தி அக்கரை. எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்."

அந்த வசனம்தான் இப்போது ஜீப்பில் வந்து இறங்கியிருந்தது. தொந்தியைத் தூக்கிக்கொண்டு படியேறிய அதிகாரி, ராணுவச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வீட்ல எடுத்து வளர்த்த பொண்ணு யாரு?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் இரவல் முன்னால் வந்து நின்றாள். "நான்தான் சார்."

"ஏறு வண்டில. நீயும் வாம்மா. ரெண்டு பேரோட எச்சிலையும் எடுத்துச் சோதிக்கணும். அக்கரைன்னா இன்னிக்கே முகாமுக்கு அனுப்பிடுவோம்."

முகாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. அது மகளுக்கும் தெரியும். தெரிந்தேதான் வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

"போ, போ. அங்க உன் சொந்தக்காரங்க எல்லாம் காத்துட்டிருப்பாங்க."

இரவல் திரும்பிப் பார்த்தாள். "அடுப்புல பால் இருக்கு. பொங்கிடப் போகுது, பாத்துக்க."

பால் பொங்கி வழிந்தது. மகளுக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. இரவலின் துணிமணிகளை ஒரு சாக்கில் திணித்து வெளியே வைத்தாள். பாயைச் சுருட்டினாள். மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"வீடு சுத்தமாயிடுச்சு சார்."

"சபாஷ்! நம்ம கரை ரத்தம்னா சும்மாவா!"

சாயங்காலம் அம்மா நடந்து வந்தாள். அவள் கையைத் தாங்கிப் பிடித்தபடி இரவலும் வந்தாள். மகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"இவளை எப்படிம்மா விட்டாங்க? எவன் கால்ல போய் விழுந்த?"

"யார் கால்லயும் விழல." அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "சோதனைல ஒத்துப்போச்சு. இவ நான் பெத்தவதான்னு அவங்களே சொல்லிட்டாங்க."

மகள் கைகொட்டிச் சிரித்தாள். "நல்ல சோதனை! அப்ப வழியில கெடைச்சவள்னு ஊரெல்லாம் சொன்னது?"

"எவனாவது ஒருநாள் புகார் குடுப்பான்னு தெரியும். குடுத்தா இவளைக் கூட்டிட்டுப் போகட்டும், சோதிச்சுப் பாத்துட்டு விட்டுடுவாங்க, அதுக்கப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டாங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் மாத்திச் சொன்னேன். இவகிட்டயும் சொல்லித்தான் வெச்சிருந்தேன்."

மகளின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதான் விட்டுட்டாங்களே. அப்புறம் எதுக்கு அழற?"

அம்மா இரண்டு கைகளாலும் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பாவியோ, இந்த வீட்ல பெத்தது ஒண்ணே ஒண்ணுதான்னு சத்தியம் பண்ணியிருக்கான்டி. நாளைக்குக் காலைல உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க."