எட்டாவது ஆள்

"என்ன மகாராணி, எழுந்தாச்சா? இல்ல, அரசாங்கம் வந்து எழுப்பணுமா?"

போனில் டோலோரஸ் குபியாக். விஸ்கான்சின் ஏரிக்கரை ஊர் ஒன்றில் முப்பத்தோரு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மீன் விருந்து போடுகிற உணவகத்தின் முதலாளி.

ஷெல்பி அங்கே பரிமாறுகிறவள். மார்ச்சில் கொரோனாத் தொற்று வந்து கடை மூடியதும், வேலைக்காரர்கள் எட்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் டோலோரஸ். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் வாராவாரம் உதவித்தொகை அனுப்பியது. வேலை பார்த்தபோது வந்ததைவிட, பார்க்காதபோது கூடுதலாக வந்தது. அரசாங்கத்துக்கும் சில சமயம் கை தவறிவிடுகிறது.

"சொல்லுங்க, டோலோரஸ்."

"அரசாங்கக் கடன் வந்திருச்சு. எட்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுச் சம்பளம் போட்டா, கடனைக் கட்ட வேண்டாமாம். வாஷிங்டன்காரங்களுக்கு அப்படி ஒரு கருணை! திங்கட்கிழமை வந்து சேரு. பார்சல் மட்டும்தான்."

"என்னால முடியாது. தியோவுக்கு நுரையீரல்..."

"நான் உன்னைத்தானே கூப்பிட்டேன், குழந்தையையா கூப்பிட்டேன்?"

"நான் எதையாவது ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தா அவன் தாங்க மாட்டான்."

"ஓ! மத்த ஏழு பேர் வீட்டுல யாருக்கும் நுரையீரலே இல்லையாக்கும்?"

ஷெல்பி தொட்டில் பக்கம் திரும்பினாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. 'கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டா'ன்னு நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். கடன்ல உன் பங்கு எனக்குத் தள்ளுபடி. உனக்கு வாராவாரம் வர்றது நின்னுபோகும். எழுதலைன்னா உன் பங்கை நான் கைக்காசு போட்டுக் கட்டணும். நான் என்ன முட்டாளா?"

டோலோரஸ் போனை வைத்துவிட்டாள்.

அந்தத் தொகை நின்றால், வீட்டு வாடகையா தியோவின் பிராணவாயு இயந்திரத்தின் வாடகையா, இரண்டில் ஒன்றுதான்.

ஷெல்பி உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். டாக்டர் கடிதம் கொடுத்தால் விதிவிலக்கு உண்டு என்று இணையதளத்தில் போட்டிருந்தார்கள். யாரிடம் கொடுப்பது என்பதைத்தான் போடவில்லை.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றது இயந்திரம். நாற்பது நிமிடம் முக்கியமாக இருந்துவிட்டு, தானே துண்டித்துக்கொண்டது. மறுநாளும் முக்கியம். அதற்கு மறுநாள் மிக மிக முக்கியம்.

வெள்ளிக்கிழமை, டாக்டர் கடிதத்தை எடுத்துக்கொண்டு, குழந்தையைப் பின்சீட்டில் கட்டி, உணவகத்துக்கே போய்விட்டாள். வாசலில் கார்கள் வரிசை. ஊரில் மாதா கோயிலைப் பூட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மீனை மட்டும் யாராலும் பூட்ட முடியவில்லை.

டோலோரஸ் முகக்கவசமும் ஏப்ரனுமாகக் கார் காராகப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஷெல்பியைப் பார்த்ததும் நின்றாள்.

"அடடே! அரசாங்க வீட்டு மருமக வந்திருக்காங்க! எல்லாரும் வழி விடுங்கப்பா!"

பக்கத்து வண்டிக்காரர் சிரித்தார். "நல்லாக் கேளு டோலோரஸ்! எல்லாம் நம்ம வரிப்பணம்!" எல்லாருக்கும் அரசாங்கம் அனுப்பிய ஆயிரத்து இருநூறு டாலரில் அவர் வாங்கிய புதுத் தூண்டில், வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

ஷெல்பி டாக்டர் கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். "ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

"என்கிட்டக் காகிதம் காட்டாதே. வாஷிங்டன் அனுப்பினதையே இன்னும் படிச்சு முடிக்கல."

குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள். தியோ தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கில் மெல்லிய குழாய்.

"இவன்தான் அந்தச் சாக்கா?"

"ஆமா."

"எத்தனை மாசம்?"

"ஏழு. குறைமாசத்துல பிறந்துட்டான்."

"பரவாயில்ல, அவனாவது ஓர் இடத்துக்குச் சீக்கிரம் வந்தானே. அவன் அம்மா ஒரு நாளும் வந்ததில்ல."

டிக்கியைத் திறந்து ஒரு பொட்டலத்தை வைத்தாள். "மீனும் உருளைக்கிழங்கு அடையும். பதினாலு டாலர். டிப்ஸைத் தாராளமா வை. உனக்குத்தான் மேலேயிருந்து கொட்டுதே."

ஷெல்பி கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிப் பணத்தை நீட்டினாள். வீடு போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே ஓட்டினாள். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், தெரிந்த நாலு கெட்ட வார்த்தையும் முதல் சிக்னலுக்குள் தீர்ந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை, உதவித்தொகை அலுவலகம் தானே கூப்பிட்டது. கொடுப்பதற்குத்தான் அங்கே ஆள் பற்றாக்குறை. நிறுத்துவதற்கு எப்போதும் ஆள் உண்டு.

"ஷெல்பி நோவாக்தானே? உங்க முதலாளிகிட்டேயிருந்து உங்களைப் பத்திக் கடிதம் வந்திருக்கு."

"தெரியும்." அவள் கை தொட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "எந்த வாரத்துலேர்ந்து நிறுத்தறீங்க?"

"இருங்க, படிக்கிறேன். 'ஷெல்பியை வேலைக்குக் கூப்பிட்டது என் தவறு. அந்த அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எங்கள் சமையலறையில் மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூக்கில் குழாயோடு இருக்கும் குழந்தையின் தாயை அங்கே நிறுத்த மாட்டேன். அவளே வந்து நின்றாலும் உள்ளே விட மாட்டேன். இப்போதைக்கு அவளுக்கு இங்கே வேலை இல்லை.' அவ்வளவுதான். அதனால உங்களுக்கு வர்றது தொடரும்."

ஷெல்பியின் கை தொட்டில் விளிம்பை விட்டது.

"ஹலோ, இருக்கீங்களா? 'இப்படி எழுதினா கடன்ல ஷெல்பியோட பங்கு தள்ளுபடி ஆகாதேம்மா, நீங்கதானே கட்டணும்'னு நான் உங்க முதலாளிக்குப் போன் பண்ணி ரெண்டு தடவை எடுத்துச் சொன்னேன்."

"அவங்க... என்ன சொன்னாங்க?"

"'பேசி முடிச்சாச்சா? இங்கே எண்ணெய் காயுது'ன்னு போனை வச்சுட்டாங்க."