இருபது லிட்டர் கடல்

"இந்தக் கேன்ல இருக்கறதுதான் உலகத்துல உள்ள மொத்தத் தண்ணி. யாராவது இடிச்சுத் தட்டி விட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றாள் பூமி மிஸ். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கோளரங்கத்தில் திங்கட்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள்தான் காட்சி நடத்துவாள். புதன் கிரகத்தில் காற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, வெள்ளியில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து ஆவியாகிவிடும், செவ்வாயில் துருவத்தில் பனிக்கட்டி கிடக்கிறது, வியாழனில் காலூன்றத் தரையே கிடையாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மேஜைமேல் இருக்கும் இருபது லிட்டர் கேனுக்கு வருவாள்.

அதிலிருந்து ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பினாள். "கேன்ல மீதி இருக்கறது பூரா கடல், உப்பு. இந்த பாட்டில் மட்டும்தான் நல்ல தண்ணி. இதுலயும் பெரும்பகுதி பனியா உறைஞ்சு போச்சு, மிச்சம் பூமிக்கு அடியில. ஆறு, ஏரின்னு நம்ம கண்ணுக்குத் தெரியறது இவ்வளவுதான்." கால் ஸ்பூன் தண்ணீரைத் தூக்கிக் காட்டினாள்.

காட்சி முடிந்ததும் ஸ்பூனில் இருந்ததைக்கூடச் சிந்தாமல் பாட்டிலில் விட்டு, பாட்டிலைக் கேனில் கவிழ்த்து மூடினாள். தண்ணீர்மேல் என்ன அக்கறை பாருங்கள் என்று பிள்ளைகளோடு வந்த வாத்தியார் மெய்சிலிர்த்துப் போனார். அக்கறைதான், யார் இல்லை என்றது? ஆனால் அது உலகத்துக்காக இல்லை.

ஊரில் மழை பெய்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக் குழாயில் வருவதைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீருக்கே கோபம் வரும். காட்சிக்கென்று வாரம் ஒரு சீல் வைத்த கேன் வரும். அன்று மாலையே அது அவள் ஸ்கூட்டரில் ஏறிவிடும். நாலு வயது மகளுக்கு வாரம் முழுக்க அதுதான். அவளும் புருஷனும் ஒரு மடக்குகூடத் தொடமாட்டார்கள், குழாய்த் தண்ணீரையே காய்ச்சிக் குடித்துக்கொள்வார்கள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் அங்கே கூட்டிப் பெருக்கும் அக்கா மெதுவாக வந்து கேட்டாள்: "காட்சி முடிஞ்சதும் அந்தத் தண்ணிய என்ன பண்ணுவீங்க மிஸ்? எங்க வீட்டுலயும் சின்னது ஒண்ணு இருக்கு."

"அது கடல்னு காட்டறதுக்கு வெச்சிருக்கேன்க்கா. கேன் வந்ததுமே ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டுடுவேன். வாயில வைக்க முடியாது" என்றாள் இவள். சொல்லும்போது நாக்கு கூசத்தான் செய்தது. ஆனால் பங்கு போட்டால் மகளுக்கு நாலு நாள்கூடத் தாங்காது.

அந்த அக்கா முகம் கோணவில்லை. அதற்கப்புறம் வாசலிலிருந்து கேனைத் தானே சுமந்து வந்து, மூடியின் சீல் பிரித்து, துடைத்து மேஜைமேல் ஏற்றி வைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு மனசு உறுத்தியது. இப்படிப்பட்ட மனுஷியிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று இருந்தது.

அந்த உறுத்தலைக்கூட நின்று நினைக்க இப்போது நேரமில்லை. மூன்று வாரமாக மகளுக்கு வயிறு சரியில்லை. நேற்றிலிருந்து எதுவும் தங்கவில்லை. இன்றைக்கு லீவு போட்டிருக்கலாம். ஆனால் லீவு போட்டால் கேன் அதிகாரி அறைக்குப் போய்விடும் என்றுதான் வந்தாள்.

பிள்ளைகள் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே புருஷன் போனில் கூப்பிட்டான்.

"பாப்பாவ அட்மிட் பண்ணிட்டாங்க. கண்ணு செருகுது. எல்லாம் தண்ணியில வந்த கிருமிதானாம். பச்சப் புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்கன்னு டாக்டர் திட்டறாரு."

"கேன் தண்ணியத் தவிர வேற எதையும் அவ நாக்குல வெச்சதில்லன்னு சொல்லுங்க. இதோ இந்த வாரக் கேன எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஆஸ்பத்திரித் தண்ணிய மட்டும் அவளுக்குக் குடுத்துடாதீங்க."

போனை வைத்துவிட்டுக் கேனை இடுப்பில் ஏற்றினாள். கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எங்க மிஸ் இதத் தூக்கிட்டு ஓடறீங்க? உப்புத் தண்ணிதானே, குடுங்க, நானே கொட்டிடறேன்."

இவளால் அதற்குமேல் முடியவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "இதுல உப்பே இல்லக்கா. ஒருநாளும் போட்டதில்ல. எம் பொண்ணுக்குக் குடிக்கத்தான் வாரா வாரம் கொண்டு போறேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அந்தப் பாவம்தான் இன்னிக்கு அவள ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிருக்கு. என்ன மன்னிச்சிடுங்க."

திட்டுவாள், அல்லது பரவாயில்லை என்பாள் என்று நினைத்தாள். அந்த அக்கா இரண்டும் செய்யவில்லை. கேனையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடிச்சுதா மிஸ்? புள்ள இதையா குடிச்சுது?"

"ஆமாங்க்கா."

"நல்ல தண்ணியில போய் உப்பக் கொட்டறாங்களேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது மிஸ். எம் புள்ளைக்காவது ஆகட்டும்னு, நீங்க வர்றதுக்கு முன்னாடியே அத என் குடத்துல ஊத்தி வெச்சுக்குவேன்."

"அப்ப கேன்ல இருந்தது?"

அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடலுக்குத்தானேன்னு, கக்கூஸ் குழாயில பிடிச்சு வெச்சேன் மிஸ்."