வெள்ளிக்கிழமை ஏறிய சர்க்கரை

"நைனா, வெள்ளிக்கிழம இன்னா சாப்ட்ட? உண்மையச் சொல்லு."

செல்போன் ஸ்பீக்கரில் மகள் காயத்ரியின் குரல் கேட்டதும் இராமச்சந்திரன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். யாருக்கும் பயப்படாத மனுஷன், மகளுக்கு மட்டும் பயப்படுவார்.

காயத்ரி சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். போன வாரம் ஊருக்கு வந்தபோது, நகமளவு ஸ்டிக்கர் ஒன்றை அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அடியில் முடியைவிட மெல்லிய ஊசிகள், அவற்றின் மேல் கண்ணுக்கே தெரியாத தங்கத்துகள் பூச்சு. ஒட்டினால் வலிக்கவே வலிக்காது. உடம்பில் எவ்வளவு சர்க்கரை என்பது நேராக அவள் செல்போனுக்குப் போய்விடும்.

"பகல் பூரா கம்மியா இருந்துது. சாயங்காலம் சர்ருனு ஏறி, விடியற வரைக்கும் எறங்கவே இல்ல. இது சுகர்தான் நைனா."

இராமச்சந்திரன் செல்போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார். எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிட்டது.

"ரொம்ப ஜாஸ்தியாம்மா?"

"இப்பவே பாத்தா மாத்திரையில அடங்கிடும். வுட்டா கண்ணு, கிட்னினு போயிடும்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி உண்ணாமலை கரண்டியும் கையுமாக வந்தாள்.

"நல்லா கேளுடி. வெள்ளிக்கிழம நான் அம்மனுக்கு வெரதம் இருந்து சாயங்காலம் சக்கரப்பொங்க படைக்கறேன், இவரு கடத்தெருவுல இன்னாத்த முழுங்குனாரோ. என்னப் பாரு. உன்னப் பெத்தப்புறம் ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சிருப்பனா? ஊசின்னு ஒண்ணு குத்திக்கிட்டிருப்பனா?"

இராமச்சந்திரன் காப்பி டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். திட்டு வாங்குவது அவருக்கு என்ன புதுசா?

"திங்கக்கிழம டாக்டரப் பாக்கணும் நைனா. நானும் வந்துடறேன்."

"சரிம்மா. அம்மாவையும் இட்டுக்கினு வரேன்."

"நான் எதுக்கு?" என்றாள் உண்ணாமலை.

"தொணைக்கு வா. தனியாப் போக பயமா இருக்குது."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. "சரி, வரேன். இதுக்கெல்லாம் கண்ணு கலங்குவாங்களா?"

போனை வைத்ததும் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, தோள்வலிக்குனு நீங்க ஒட்டிவுட்ட தக்கனூண்டு பிளாஸ்திரி ஓரம் பிரியுது, கொஞ்சம் அழுத்தி வுடுங்க."