ஒன்பதாம் நம்பரின் குறைகள்

"ஒன்பதாம் நம்பரை மட்டும் எடுத்துப் போடாதேங்கோ, தங்கச்சி!"

கிறிஸ்ரி திரும்பிப் பார்த்தாள். வாஃபல் சுடும் மேசைக்குப் பின்னால், ஏப்ரனும் கட்டிக்கொண்டு கையில் அகப்பையுடன் நின்ற இரவீந்திரன்தான் அப்படிச் சொன்னார். பிள்ளையை விளையாட விட்டால் பெற்றோர் டுக்னாட் என்ற சம்பளமில்லாப் பொதுவேலை செய்தே ஆகவேண்டும். இன்று வாஃபல் சுடுவது அவருடைய முறை.

புருசெத் மைதானத்தில் அன்று சனிக்கிழமைக் காலை. தமிழ்ப் பிள்ளைகளின் அமெரிக்க ஃபுட்போல் அணிகள் நான்கும் புதிய ஆட்களைத் தெரிவு செய்ய வந்திருந்தன. போன வருடம் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் தெரிவு. ஓர் ஆட்டம்கூட வெல்லாத அந்தப் பெருமை லோறென்ஸ்கூக் அணிக்குரியது. பேர்கனிலிருந்து குடிவந்து மூன்றே மாதமான கிறிஸ்ரி அதன் புதிய பயிற்சியாளர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்த ஒரு நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால்தான் இந்த வருடமாவது அணி தலைநிமிரும்.

அவள் கையிலிருந்த தாளில் எண்கள் மட்டுமே இருந்தன. பெயரைப் போட்டால் கூடவே தகப்பன் பெயரும் வரும். பிறகு தெரிவு எங்கே போய் முடியும் என்று ஆட்டங்களை நடத்தும் தமிழ்ச் சங்கத்துக்குத் தெரியாதா என்ன!

"ஏன் அண்ணை, ஒன்பதுக்கு என்ன குறை?"

"என்ன குறை இல்லை எண்டு கேளுங்கோ! இருபது வருசமா ஞாயிறு பின்னேரம் ரீவிக்கு முன்னாலை இருந்து அமெரிக்கன்ரை ஆட்டம் பாக்கிறன். அதிலை என்ரை ரீம் மூண்டு தரம் முதல் தெரிவிலை குவாட்டர்பேக் எடுத்து, மூண்டு தரமும் மண் கவ்வினது. பட்டவன் சொல்லுறன். அந்தா, நாலாம் நம்பரைப் பாருங்கோ, அபிராம். ஆறடி! என்ன தோள்! எறிஞ்சால் பந்து அடுத்த ஊர் ரொம்சோசிலை போய் விழும்."

அபிராம் எறிந்த பந்து உண்மையாகவே வெகுதூரம் போனது. பிடிக்க வேண்டியவன்தான் அங்கே இல்லை.

"ஒன்பது எப்பிடி எறியிறாள்?"

"அவளுக்குச் சரியான அவசரம். பிடிக்கிறவன் திரும்ப முதலே பந்தை விட்டிடுறாள். அவன் திரும்பினால் பந்து நெஞ்சிலை வந்து நிக்குது. பெடியன் பயந்துபோக மாட்டானோ?"

கிறிஸ்ரியின் பேனை நின்றது. "திரும்ப முதலேயோ?"

"ஓம். அதோடை இடப்பக்கம் பாத்துக்கொண்டு வலப்பக்கம் எறியிறாள். உதென்ன பழக்கம்? எதிர் ரீம் முழுக்க அவளின்ரை கண்ணை நம்பி இடப்பக்கம் ஓடுது. பாவங்கள்."

"அண்ணை, ஒண்டு கேப்பன், குறை நினைக்கக்கூடாது. அபிராம் உங்கட மகனோ?"

இரவீந்திரனின் முகம் சிவந்தது. "வாஃபல் சுடுறவன் கருத்துச் சொல்லக்கூடாதோ?"

"சொல்லலாம். ஆனால் எல்லாருக்கும் கேக்க ஒரு பிள்ளையைக் குறை சொல்லுறது வடிவில்லை."

கிறிஸ்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பிள்ளையை ஏற்றிவிட அடுத்தவன் பிள்ளையை மட்டம் தட்டும் தகப்பன்மாரை அவள் பேர்கனிலும் பார்த்திருக்கிறாள். இவரைப் பழிவாங்கவென்றே ஒன்பதை எழுதலாம் போலிருந்தது. ஆனால் அணியின் வருடம் முழுவதும் இந்த ஒரு முடிவில் அல்லவா இருக்கிறது? ஆறடி உயரத்தை அவளாலும் ஒதுக்க முடியவில்லை.

"சரி, நீங்கள் சொல்லுறதிலையும் விசயம் இருக்கு. உயரமான பெடியன் எல்லாற்றை தலைக்கும் மேலாலை பாப்பான். நாலையே எழுதுறன்."

"பொறுங்கோ, பொறுங்கோ!" இரவீந்திரன் அகப்பையை மாவுக்குள் போட்டுவிட்டு மேசையைச் சுற்றி ஓடிவந்தார். "எழுத முதல் ஒன்பதை இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ. பிறகு இந்த மனுசன் இல்லாததைச் சொல்லிப்போட்டுது எண்டு வரக்கூடாது."

மைதானத்தில் பந்து ஒன்பதின் கைக்கு வந்தது. சின்னப் பிள்ளை, மெலிந்த உடம்பு. அவள் இடுப்பில் தொங்கிய நாடாவைப் பிடுங்க இரண்டு பெரிய பெடியன்கள் பாய்ந்தார்கள். பிடுங்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். அவள் இடப்பக்கம் பார்த்தாள், ஒரு அடி விலகினாள், வலப்பக்கம் எறிந்தாள். கோட்டுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த பெடியன் திரும்பியபோது பந்து அவன் நெஞ்சில் இருந்தது. டச்டவுன்!

எல்லோரும் கைதட்டினார்கள். இரவீந்திரன் மட்டும் இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"பாத்தியளே, ரெண்டு பெடியன்களையும் சும்மா அலைக்கழிச்சுப்போட்டாள். இரக்கமில்லாத பிள்ளை," என்றார். மேசையில் வாஃபல் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

கிறிஸ்ரி சிரித்துக்கொண்டே தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒலிபெருக்கி முழங்கியது. "முதல் தெரிவு, லோறென்ஸ்கூக் அணிக்கு, ஒன்பதாம் நம்பர், யாழ்!"

மைதானமே ஆரவாரித்தது. கிறிஸ்ரி வெற்றியோடு அவர் பக்கம் திரும்பினாள். "கோவமோ அண்ணை? கவலைப்படாதேங்கோ, அபிராமை ரொம்சோஸ் ரீம் எடுக்கும்."

அவர் பதில் சொல்வதற்குள் ஒன்பதாம் நம்பர் பாய்ந்து வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"அப்பா! என்னைப் பற்றி ஆரிட்டையும் பெருமையாப் புளுகேல்லைத்தானே? போன வருசம் நீங்கள் புளுகின அடுத்த நாள்தான் என்ரை கை சுளுக்கினது, உங்கட வாயாலைதான் நாவூறு பட்டது எண்டு அம்மா இன்னும் பேசுறா!"

"உன்னாணை, ஒரு நல்ல சொல்லு வாயிலை வரேல்லை," என்றார் இரவீந்திரன், முகமெல்லாம் பூரிப்பாக. "வேணுமெண்டால் இந்த அன்ரியைக் கேட்டுப் பார்!"